பம்ப் சத்தம் கேட்டுச்சு, குளோரின் போகல

(எபிசோடின் உரை வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு ஒரு சத்தத்தைப் பத்திப் பேசப்போறேன்.

டிக்... டிக்... டிக்... சுவர்க் கடிகாரம் மாதிரிதான் இருக்கும், ஆனா கொஞ்சம் கனமா. ஒரு டிபன் பாக்ஸ் அளவு பம்ப். பீப்பாயிலிருந்து குளோரின் கரைசலைச் சொட்டுச் சொட்டா எடுத்து குடிதண்ணிக் குழாய்க்குள்ள அனுப்புற பம்ப். அந்தச் சத்தம் கேட்டா தண்ணி சுத்தமா போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம். அப்படித்தான் நான் நினைச்சுட்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அது தப்புன்னு தெரிஞ்சது. அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணை நான் முந்தின நாளே பண்ணியிருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்த எபிசோடு.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். பிறந்தது ஈரோடு பக்கம் ஒரு கிராமம். அம்மா நர்ஸ். அவங்களுக்கு டெக்சாஸ்ல வேலை கிடைச்சு நாங்க குடும்பத்தோட அமெரிக்கா போனப்ப எனக்கு 15 வயசு. அங்கேயே படிச்சு, குடியுரிமையும் வாங்கியாச்சு. காலேஜ்ல சுற்றுச்சூழல் அறிவியல். கூடப் படிச்சவங்க எல்லாரும் நகரத்துல ஏசி ஆபீஸ் தேடினாங்க. நான் மேற்குப் பக்கத்து மலையில இருக்குற ஒரு தேசியப் பூங்காவுல சீசன் வேலைக்கு விண்ணப்பிச்சேன். வேலையோட பேரு தண்ணீர் மற்றும் கழிவுநீர் சுத்திகரிப்பு ஆபரேட்டர். பூங்காவோட பேரைச் சொல்லப்போறதில்ல. இது என் தப்போட கதை. அது என் பேர்லயே இருக்கட்டும்.

வேலை கிடைச்சதைச் சொன்னப்ப அம்மா கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கு. "ஏங்கண்ணு, ஊர்ல உங்க அப்புச்சி தண்ணி விட்டாரு. நீ அமெரிக்கா வரைக்கும் வந்து கக்கூஸ் தண்ணி பாக்கப்போறியா?"

அப்புச்சின்னா எங்க பக்கம் அம்மாவோட அப்பா. அவரு எங்க ஊர் பஞ்சாயத்துல டேங்க் ஆபரேட்டர். ஊர் பாஷையில 'தண்ணி விடுறவரு'. காலையிலயும் சாயங்காலமும் சைக்கிள்ல போயி வால்வு திறப்பாரு, மோட்டார் போடுவாரு, தொட்டியில பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்துவாரு. தண்ணி வரலைன்னா ஊரே அவரு பேரைச் சொல்லித் திட்டும். வந்துச்சுன்னா யாருக்கும் அவரு ஞாபகமே வராது. 30 வருஷம் அப்படியே ஓடிருச்சு.

பனிக்குள்ள இருந்து ஒரு ஊரை எழுப்புறது

தேசியப் பூங்கான்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? மலை, கரடி, ஏரி, இன்ஸ்டாகிராம் போட்டோ. ஆனா கோடையில அது ஒரு ஊரு. லாட்ஜ், உணவகம், கேம்ப்கிரவுண்டு, வேலைக்காரங்க தங்குற வீடு எல்லாம் இருக்கும். எல்லாத்துக்கும் தண்ணி வரணும், எல்லாத்துலேருந்தும் கழிவு போகணும். பக்கத்து நகரத்துல இருந்து குழாய் போட்டு வர்ற தண்ணி கிடையாது. பூங்காவே எடுக்கணும், பூங்காவே சுத்தம் பண்ணணும், கழிவையும் பூங்காவே பாத்துக்கணும்.

அந்த ஊரு வருஷத்துல ஆறேழு மாசம் பனிக்கு அடியில தூங்கும். மே மாசம் நாங்க போயி எழுப்புவோம். சீசன் வேலைக்காரங்களுக்கு அரசாங்கம் வச்சிருக்குற கணக்கு, ஒரு வருஷத்துல 1,039 மணி நேரம். ஆறு மாசத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுக்குள்ள திறக்கணும், ஓட்டணும், மறுபடி மூடணும்.

நான் போன முதல் வாரம் கையில இருந்தது மண்வெட்டி. வால்வு எங்க இருக்குன்னு பழைய வரைபடத்தைப் பார்த்து, பனியைத் தோண்டித் தோண்டிக் கண்டுபிடிக்கணும். இலையுதிர் காலத்துல குழாய்ல இருக்குற தண்ணியை எல்லாம் கம்ப்ரசர் வச்சு ஊதி வெளியேத்தியிருப்பாங்க. இல்லைன்னா தண்ணி உறைஞ்சு குழாய் வெடிச்சுடும். அப்படி ஊதினாலும் எங்கேயாவது ஒரு வளைவுல கொஞ்சம் தண்ணி தங்கியிருக்கும். வசந்தத்துல தண்ணியைத் திறந்தா அங்கதான் பீச்சியடிக்கும்.

ஒட்டுப்போட்டு முடிச்சதும் குழாய் முழுக்க அதிக அளவு குளோரின் விட்டு நிறுத்தி வைப்போம். அப்புறம் அலசுவோம். அப்புறம் சாம்பிள். 100 மில்லி பாட்டில். அதுக்குள்ள சோடியம் தயோசல்பேட்னு ஒரு துளி மருந்து இருக்கும். தண்ணியில மிச்சமிருக்குற குளோரினை அது செயலிழக்க வைக்கும். இல்லைன்னா லேபுக்குப் போற வழியிலேயே குளோரின் பாக்டீரியாவைக் கொன்னுட்டு, 'எல்லாம் சுத்தம்'னு பொய் ரிசல்ட் குடுத்துடும். எடுத்த 30 மணி நேரத்துக்குள்ள லேப்ல சோதனை ஆரம்பிச்சாகணும். லேப் இருந்தது ரெண்டரை மணி நேர டிரைவ்ல. பாட்டிலை ஐஸ் பெட்டியில வச்சு, குழந்தையைக் கூட்டிட்டுப் போற மாதிரி கூட்டிட்டுப் போவேன்.

அங்க வந்து முதல் தடவையா உடைஞ்ச ஒரு நம்பிக்கை, மலைத் தண்ணி சுத்தமானதுங்கறது. கண்ணாடி மாதிரி ஓடுற ஓடையிலயும் ஜியார்டியான்னு ஒரு ஒட்டுண்ணி இருக்கும். அமெரிக்காவுல அதனால வர்ற வயித்துப்போக்குக்கு 'பீவர் காய்ச்சல்'னு சொல்ற மாதிரி ஒரு செல்லப் பேரே உண்டு. பீவர் மாதிரி விலங்குகளோட எச்சத்துல இருந்தும் வரும், மனுஷங்ககிட்ட இருந்தும் வரும். அதனால வடிகட்டணும், குளோரின் போடணும்.

குளோரின் போட்டா உடனே வேலை முடிஞ்சுடாது. அதுக்கு நேரம் வேணும். எவ்வளவு குளோரின், எவ்வளவு நேரம் தண்ணியோட சேர்ந்து இருந்துச்சு, இது ரெண்டையும் பெருக்கித்தான் கணக்கு. தண்ணி எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நேரம் கூடும். 10 டிகிரி குறைஞ்சா ஏறத்தாழ ரெண்டு மடங்கு நேரம். எங்க தண்ணி உருகின பனி. கைய வச்சா எலும்பு வரைக்கும் குத்தும். ஆகஸ்ட்ல சரியா இருக்குற கணக்கு மே மாசத்துல சரியா இருக்காது.

வாசனை வச்சு வைத்தியம்

இப்ப அடுத்த பாதி. அம்மா சொன்ன பாதி.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்னா ஏதோ ரசாயனம் ஊத்தி சுத்தம் பண்ற இடம்னு நினைச்சிருந்தேன். இல்லவே இல்ல. அது ஒரு பண்ணை. நாம வளர்க்குறது பாக்டீரியா. கழிவு அதுக்குச் சாப்பாடு. நாம காத்து ஊதிக்கிட்டே இருக்கணும், அது சாப்பிட்டுக்கிட்டே இருக்கும். இட்லி மாவு புளிக்க வைக்குற மாதிரிதான். குளிருல மாவு புளிக்குமா? மே மாசம் எங்க பாக்டீரியாவும் அப்படித்தான். அதனால பக்கத்து நகரத்து நிலையத்துல இருந்து ஒரு லாரி நிறைய உயிரோட இருக்குற சேற்றுக்குழம்பை வாங்கி வந்து ஊத்துவோம். உறைமோர் ஊத்துற மாதிரி.

பிரச்சனை என்னன்னா, மே மாசம் அதுக்குச் சாப்பாடு கம்மி. ஜூலை வந்தா ஆயிரக்கணக்குல ஆளுங்க, திடீர்னு விருந்து. கேம்பர் வேன்ல வர்றவங்க கழிப்பறைத் தொட்டியில நாத்தம் வராம இருக்க ஒரு ரசாயனம் ஊத்துவாங்க. சிலதுல ஃபார்மால்டிஹைடு இருக்கும். அதைக் கொண்டுவந்து எங்ககிட்ட கொட்டினா என் பாக்டீரியா செத்துடும். அதனால தினமும் ஒரு ஜாடியில அந்தக் குழம்பை எடுத்து 30 நிமிஷம் அப்படியே வைப்பேன். எவ்வளவு படியுது, மேல தண்ணி எவ்வளவு தெளிவா இருக்குன்னு பார்ப்பேன். நல்லா இருந்தா சாக்லேட் நிறம், மழை பெஞ்ச மண் வாசனை. அழுகின முட்டை வாசனை வந்தா எங்கேயோ காத்து பத்தலைன்னு அர்த்தம்.

அந்த அழுகின முட்டை வாசனைதான் ஹைட்ரஜன் சல்பைடு. இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். அந்த வாயு அதிகமானா மூக்கு மரத்துப் போயிடும். வாசனை போயிடுச்சு, ஆபத்து போயிடுச்சுன்னு நினைச்சு இறங்குறவங்கதான் சாவாங்க. எங்க லீட் ஆபரேட்டர் முதல் நாள் எனக்குக் குடுத்தது நாலு வாயுவை அளக்குற ஒரு மீட்டர். "இது சத்தம் போட்டா நீ ஓடணும். உள்ள யார் விழுந்து கிடந்தாலும் நீ இறங்கக்கூடாது"ன்னாங்க. மேல கயிறு பிடிக்க ஆள், முக்காலி, எழுதின அனுமதி, எதுவும் இல்லாம மேன்ஹோலுக்குள்ள ஒரு காலைக்கூட வைக்க முடியாது. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. நம்ம ஊர்ல 2013-லயே சட்டம் வந்தாச்சு. ஆனாலும் செப்டிக் டேங்குல இறங்கினவர், அவரைக் காப்பாத்த இறங்கினவர்னு ரெண்டு மூணு பேரு சேர்ந்து சாகுற செய்தி இன்னும் வருது. அதே வாயு, அதே குழி. ஒரு மீட்டரும் ஒரு முக்காலியும்தான் வித்தியாசம். அந்த வேலையை யார் தலையில நாம கட்டியிருக்கோம்ங்கறதும்.

ரெண்டு குழாய்க்கு நடுவுல இருக்குற தூரம்

எங்க லீட் பத்திச் சொல்லணும். அறுபது வயசு தாண்டினவங்க. இருபது சீசனுக்கு மேல அதே பூங்காவுல. அதிகம் பேசமாட்டாங்க. ஒரு நாள் மதியம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கிட்டே கிரேட்டர் லேக் கதையைச் சொன்னாங்க.

ஓரிகன் மாநிலத்துல இருக்குற தேசியப் பூங்கா அது. அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி, அவ்வளவு நீலம். 1975 கோடையில அங்க வந்தவங்க வரிசையா வயித்துப்போக்குல விழுந்தாங்க. 2,000-க்கும் மேற்பட்ட பயணிகள், 200 பேர் அளவுக்குப் பூங்காவுல வேலை செய்தவங்க. காரணம், கழிவுநீர் நிரம்பி வழிஞ்சு குடிதண்ணி எடுக்குற ஊற்றுல கலந்துடுச்சு. நச்சை உண்டாக்குற ஒரு வகை ஈ.கோலை பாக்டீரியா. உச்ச சீசன்ல பூங்காவையே மூட வேண்டியதாச்சு.

"நம்ம வேலையே ரெண்டு குழாய்க்கு நடுவுல இருக்குற தூரத்தைக் காப்பாத்துறதுதான்"னு சொல்லிட்டு, மிச்ச சாண்ட்விச்சைப் பொட்டலம் கட்டி வண்டியில பூட்டினாங்க. கரடி வரும்ல.

தண்ணி வந்து சேராம போனா என்ன ஆகும்ங்கறதுக்கும் உதாரணம் இருக்கு. கிராண்ட் கேன்யன்ல பள்ளத்தாக்குக்குள்ள 20 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய் ஓடுது. 1960கள்ல போட ஆரம்பிச்சது. 2010-க்கு அப்புறம் மட்டும் 85 தடவைக்கு மேல உடைஞ்சிருக்கு. 2024 ஆகஸ்ட் கடைசியில அடுத்தடுத்து உடைஞ்சு, தெற்கு விளிம்புல ராத்திரி தங்குறதையே நிறுத்திட்டாங்க. அது தேசிய செய்தி. ஆனா உடையாத நாள் எதுவும் செய்தி ஆகல. என் அப்புச்சி கதைதான்.

0.6

சரி, என் கதைக்கு வர்றேன்.

பூங்காவோட கடைசி மூலையில ஒரு சின்ன கேம்ப்கிரவுண்டு. எண்பது கூடாரம் போடலாம். அதுக்குத் தனியா ஒரு ஊற்று, ஒரு ஃபில்டர், ஒரு தொட்டி, ஒரு குடிசை மாதிரி பம்ப் ரூம். தொட்டியில ஏறத்தாழ ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணி நிக்கும். நான் தங்குற இடத்துல இருந்து அங்க போக மண் ரோட்டுல 40 நிமிஷம். தினமும் காலையில ஒருத்தர் போகணும். தொட்டியில இருந்து வெளிய வர்ற குழாய்ல தண்ணி பிடிச்சு, டிபிடி பொடி போட்டுக் குலுக்கணும். குளோரின் இருந்தா ரோஸ் நிறம் வரும். மீட்டர்ல வச்சு எண்ணைப் படிச்சு நோட்டுல எழுதணும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழ போகக்கூடாது, 4-க்கு மேல போகக்கூடாது. எங்களுக்கு எப்பவும் 0.6, 0.7. அப்புறம் குளோரின் பீப்பாயில எத்தனை சென்டிமீட்டர் மிச்சம் இருக்குன்னு அளந்து எழுதணும். அவ்வளவுதான், பத்து நிமிஷ வேலை.

ஜூலை 4 விடுமுறை வாரம். அமெரிக்க சுதந்திர தினம், பூங்கா நிரம்பி வழியுது. புதன்கிழமை போனேன், 0.7. வியாழக்கிழமை விடியக்காலை நாலு மணிக்கு லாட்ஜ் பக்கத்துக் கழிவுநீர் பம்ப்ல அலாரம். போய்ப் பார்த்தா ஈரத்துணி. 'ஃபிளஷ் பண்ணலாம்'னு பாக்கெட்ல போட்டிருப்பாங்களே, அந்த வெட் வைப்ஸ். கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு பம்பைச் சுத்தியிருந்தது. அதைக் கழட்டி எடுத்து முடிக்க மதியம் ஆச்சு. உடம்பு முழுக்க நாத்தம். குளிச்சேன். படுத்தேன். எழுந்தப்ப சாயங்காலம் ஆறு.

அப்ப அந்த நோட்டு ஞாபகம் வந்துச்சு. போக 40 நிமிஷம், வர 40 நிமிஷம். எப்பவும் 0.6 தானே. நோட்டை எடுத்தேன். நேரம்: காலை 7.15. குளோரின்: 0.6. பீப்பாய் அளவையும் குத்துமதிப்பா நாலு சென்டிமீட்டர் குறைச்சு எழுதினேன். பேனாவை மூடி வச்சேன். பத்து செகண்டு ஆகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. பம்ப் ரூம் கதவைத் திறக்குறேன். டிக், டிக், டிக். எல்லாம் சரி. தண்ணி பிடிச்சேன், பொடி போட்டேன், குலுக்கினேன்.

நிறம் வரல.

பொடி பழசா இருக்கும்னு இன்னொரு பாக்கெட் பிரிச்சேன். வரல. வெள்ளைத் தண்ணி. மீட்டர்ல பூஜ்ஜியம்.

பம்ப்பைப் பார்த்தேன். அடிச்சுக்கிட்டுத்தான் இருந்தது. ஆனா அதுல இருந்து போற கண்ணாடி மாதிரி டியூபுக்குள்ள எதுவும் நகரல. குளோரின் கரைசல் வெயில்ல சூடானா அதுல இருந்து வாயு பிரியும். அந்தக் குமிழி பம்போட தலைக்குள்ள போய் உக்காந்துக்கும். பம்ப் அடிக்கும்போது திரவத்தைத் தள்ளாம, அந்தக் காத்தையே அமுக்கி அமுக்கி விட்டுக்கிட்டிருக்கும். சத்தம் அதே சத்தம்.

பீப்பாயை அளந்தேன். புதன்கிழமை 31 சென்டிமீட்டர். இப்ப 30. ஒரு நாளைக்கு நாலு குறையணும். ரெண்டு நாள்ல ஒண்ணுதான் குறைஞ்சிருக்கு. கணக்கு எளிதா இருந்தது. புதன்கிழமை மதியமே நின்னுபோச்சு. நான் வியாழக்கிழமை காலையில வந்திருந்தா, தொட்டியில எண் இறங்கிக்கிட்டிருக்கிறதைப் பார்த்திருப்பேன். யாரும் குளோரின் இல்லாத தண்ணியைக் குடிக்கறதுக்கு முன்னாலேயே பிடிச்சிருப்பேன்.

நோட்டுல வியாழக்கிழமை வரியில என் கையெழுத்துல 0.6-ன்னு இருக்கு.

வெளிய வந்து குழாய்களை மூடப் போனேன். ஒரு இளம் அப்பா தண்ணி பிடிச்சுக்கிட்டிருந்தாரு. "கொஞ்சம் நிறுத்துங்க, தண்ணியில ஒரு பிரச்சனை"ன்னேன். அவரு கையில இருந்தது பால் பாட்டில். "புதன்கிழமையில இருந்து இதுலதான் குழந்தைக்குப் பால் கலக்குறோம்"னாரு. கோபப்படல. தகவலாச் சொன்னாரு, அவ்வளவுதான்.

வண்டியில வந்து உக்காந்து ரேடியோவைக் கையில எடுத்தேன். இங்கதான் அந்த இருபது நிமிஷம். என் மனசுல ஓடினதை அப்படியே சொல்றேன். பம்ப் நின்னது என் தப்பு இல்ல. அதைச் சொல்லிடலாம். ஆனா வியாழக்கிழமை 0.6 இருந்துச்சுன்னு நோட்டு சொல்லுது. அதை அப்படியே விட்டா, பிரச்சனை நேத்து காலைக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சதுன்னு எல்லாரும் எடுத்துப்பாங்க. பீப்பாய் கணக்கை யாரு போடப்போறாங்க? யாருக்கும் தெரியாது.

அப்புறம் அந்தக் கணக்கோட மறுபக்கம் உறைச்சுது. புதன் ராத்திரி தங்கிட்டு வியாழக்கிழமை கிளம்பிப் போனவங்க இருபது குடும்பத்துக்கு மேல. பாட்டில்ல இந்தத் தண்ணியை நிரப்பிக்கிட்டு எங்கேயோ போய்க்கிட்டிருக்காங்க. நோட்டு சொல்றதை நம்பினா அவங்களுக்கு யாரும் தகவல் சொல்லமாட்டாங்க. அதுல ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லாம போனா டாக்டருக்கும் காரணம் தெரியாது. நான் எழுதினது வெறும் எண் இல்ல. இருபது குடும்பத்தைப் பட்டியல்ல இருந்து அடிச்சிருக்கேன்.

ரேடியோவுல லீட்கிட்ட பூஜ்ஜியம்னு சொன்னேன். அவங்க முதல் கேள்வி, "நேத்து எத்தனை மணிக்குப் பார்த்தே?"

"பாக்கல. எழுதினேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரி. அப்ப புதன்கிழமையில இருந்து கணக்கு வைப்போம். எல்லாக் குழாய்க்கும் பை கட்டு. வர்றேன்."

அடிச்சு எழுதின வரி

அன்னிக்கு என்னென்ன நடந்துச்சுன்னு சுருக்கமாச் சொல்றேன். மாநில அலுவலகத்துக்கு போன். 'தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிக்கவும்'னு ஒவ்வொரு குழாய்லயும் அறிவிப்பு. டேங்கர்ல நல்ல தண்ணி. முன்பதிவுப் பட்டியலை எடுத்து, புதன்கிழமையில இருந்து தங்கின ஒவ்வொருத்தருக்கும் மின்னஞ்சல், கிடைச்சவங்களுக்கு போன். அலசறதுக்கு முன்னாடி ஒரு சாம்பிள், அலசி குளோரின் ஏத்தினதுக்கு அப்புறம் சாம்பிள். ரெண்டரை மணி நேர டிரைவ். ரிசல்ட் வர 24 மணி நேரம்.

அந்த 24 மணி நேரத்துல கேம்ப்கிரவுண்டு ஓரமா நின்னு அம்மாவுக்கு சாட்டிலைட் போன்ல பேசினேன். எல்லாத்தையும் சொன்னேன். ஆறுதல் சொல்வாங்கன்னு நினைச்சேன். அம்மா கொஞ்சம் யோசிச்சுட்டு, "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ராத்திரி ஷிப்ட்ல ஒரு பி.பி. பாக்காம எழுதினேன், கண்ணு. காலையில அந்த அம்மாவை ஐசியூவுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பொழைச்சுட்டாங்க. ஆனா நான் இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்கிட்டதான் முதல்ல சொல்றேன்"னாங்க.

30 வருஷமா அவங்க அதைச் சுமந்துக்கிட்டிருக்காங்க. நான் இருபது நிமிஷம் சுமந்தேன்.

ரிசல்ட் வந்துச்சு. ஈ.கோலை இல்ல. யாருக்கும் உடம்பு சரியில்லைன்னு தகவலும் வரல. தயவுசெய்து இதை 'முடிவு சுபம்'னு எடுத்துக்காதீங்க. அது என் நேர்மைக்குக் கிடைச்ச பரிசு இல்ல. ஊற்று நல்ல ஊற்று, ஃபில்டர் வேலை செஞ்சுது, அதிர்ஷ்டம் இருந்துச்சு. கிரேட்டர் லேக்ல அந்த அதிர்ஷ்டம் இல்ல.

லீட் என்னை உக்கார வச்சு அந்த நோட்டைத் திறந்தாங்க. வொய்ட்னர் போடக்கூடாது, கிழிக்கக்கூடாது. வியாழக்கிழமை வரியில ஒரே ஒரு கோடு. கீழ இருக்குறது படிக்குற மாதிரி தெரியணும். பக்கத்துல 'அளவு எடுக்கப்படவில்லை'ன்னு எழுதி, தேதி, என் இனிஷியல். எனக்கு எழுத்துல எச்சரிக்கை குடுத்தாங்க. அந்த மாசம் முழுக்க என் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்துல இன்னொரு கையெழுத்து வாங்கணும். "நீ வரமுடியலைன்னா காலியா விடு. காலி இடத்தைப் பார்த்தா நான் ஓடி வருவேன். 0.6-ஐப் பார்த்தா தூங்கிடுவேன்"னாங்க.

இன்னொரு வேலையும் செஞ்சாங்க. விடியக்காலை அலாரம் வந்தா அந்த நாள் கேம்ப்கிரவுண்டுக்கு யார் போறதுன்னு ஒரு மாத்து ஆள் முறை. அதுக்கு முன்னாடி அப்படி ஒண்ணு இல்ல. பம்புக்கு வாயுவை வெளியேத்துற வால்வும், பீப்பாய் மேல வெயில் படாம ஒரு மறைப்பும். நான் பொய் எழுதியிருந்தா இது எதுவும் வந்திருக்காது. ஏன்னா நோட்டுப்படி எல்லா நாளும் நல்லாதானே இருந்துச்சு.

அக்டோபர்ல பூங்காவை மூடினோம். கம்ப்ரசரைப் போட்டா, குழாய் வாய்ல இருந்து தண்ணி இருமி இருமி வரும், அப்புறம் வெறும் காத்து. கடைசி அளவை எழுதி நோட்டை மூடினேன். அடுத்த வருஷம் திரும்பக் கூப்பிட்டாங்க. போனேன்.

அதுக்கு நடுவுல ஒரு தடவை ஊருக்கு வந்தேன். அப்புச்சி இப்ப இல்ல. அவரோட டிரங்குப் பெட்டியில பஞ்சாயத்து நோட்டு ஒண்ணு இருந்துச்சு. மோட்டார் போட்ட நேரம், நிறுத்தின நேரம், பிளீச்சிங் பவுடர் எத்தனை கிலோ. நடுவுல சில நாள் காலியா இருந்துச்சு. ஒரு காலி இடத்துல, 'கரண்ட் இல்லை. தண்ணி விடவில்லை'ன்னு எழுதியிருந்தாரு. அன்னிக்கு ஊரு அவரை எப்படித் திட்டியிருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதியிருக்காரு.

இதைக் கேட்டுக்கிட்டிருக்குற உங்கள்ல பாதிப் பேரு பஸ்ல, மெட்ரோல இருப்பீங்க. ஆபீஸ்ல ஏதோ ஒரு ஷீட்ல நீங்களும் தினமும் ஒரு கட்டத்தை நிரப்புவீங்க. உங்க அபார்ட்மென்ட்லயும் மோட்டார் ரூம்ல ஒரு அண்ணன் ஒரு நோட்டு வச்சிருப்பாரு. முடிஞ்சா ஒரு நாள் அவர்கிட்டப் பேசிப் பாருங்க. நான் இப்ப பம்ப் ரூமுக்குள்ள போனா காதைக் கொடுக்கறதில்ல. குனிஞ்சு அந்த டியூபைப் பார்க்குறேன், உள்ள ஏதாவது நகருதான்னு.